ட்ரோனைக் கையினின்று ஏற்றுதலும் கையில் இறக்கிக்கொள்ளுதலும்

அரூருக்குச் சுமார் 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தீர்த்தமலையின் அடிவாரத்து நிலங்களை அறிந்தவர்களுக்கு, அங்கே பத்தடிச் சதுரமுள்ள சமதளமான இடம் ஒன்றைப் பயிர்க்காலத்தில் கண்டுபிடிப்பது எளிதன்று என்பது தெரிந்த விஷயமே. மானாவாரி நிலங்கள் சரளைக் கல்லும் பாறையும் கலந்தவை. மரவள்ளி ஆளுயரம் வளர்ந்தபின் வரப்பு இன்னதென்று புலப்படாது. கரும்பும் மஞ்சளும் பயிராகும் இறவை நிலங்களிலோ வரப்பு ஒரு முழத்துக்கு மேல் அகலமிராது, அதுவும் ஈரமாயிருக்கும். இத்தகைய இடங்களில் சிறு ட்ரோன்களைப் பறக்கவிடுகிறவர்கள், தரையில் வைத்து ஏற்ற இடமில்லாமையால், ஒருவர் அதைக் கையில் ஏந்திப் பிடிக்க அங்கிருந்தே கிளப்புவதும், திரும்பி வரும்போது கையை நீட்டிப் பிடித்துக்கொள்வதும் இயல்பு. இது செய்யத்தக்கதா, செய்தால் எவ்விதம் செய்வது என்பதை நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியம்.

ட்ரோன் என்பது ஆளில்லாமல் பறக்கும் சிறு விமானம். பயிர்த்தொழிலில் இதன் பிரயோஜனத்தை முதலில் பெரிய அளவில் கண்டவர்கள் ஜப்பானியர். அங்கே 1987ஆம் வருஷத்திலேயே யமஹா கம்பெனியார் நெல்வயலுக்கு மருந்து தெளிப்பதற்கென ஆளில்லாச் சிறு ஹெலிகாப்டர் ஒன்றை வெளியிட்டனர். நம் தேசத்தில் 2020ஆம் வருஷத்து வெட்டுக்கிளிப் படையெடுப்பின்போது ராஜஸ்தானத்தில் ட்ரோன்கள் மருந்து தெளித்தன. அதே வருஷத்தில் கேரளத்தில் காணப்பட்டுப் பின் தமிழ்நாட்டிலும் பரவிய மரவள்ளி மாவுப்பூச்சியை நினைத்தால் சிறு ட்ரோனின் உபயோகம் நன்கு விளங்கும். இப்பூச்சி தாக்கிய செடியில் குருத்து குறுகிக் கொத்தாகச் சுருண்டுபோகிறது. ஆளுயர மரவள்ளிக் கொல்லையின் ஓரத்தில் நிற்பவருக்கு நடுவிலுள்ள செடிகள் தெரியா. உள்ளே நுழைந்து நடந்தாலோ துணியிலும் உடலிலும் ஒட்டிய பூச்சியைத் தாமே வரிசை வரிசையாகப் பரப்பிக்கொண்டு போவார். அறுபதடி உயரத்திலிருந்து எடுத்த ஒரு படத்தில், எந்த மூலையில் குருத்து சுருண்டிருக்கிறது என்பது சில நிமிஷங்களில் தெரிந்துவிடும். வெள்ளத்தாலோ வறட்சியாலோ ஏற்பட்ட பயிர்ச் சேதத்தைக் கணக்கிடும் கிராம அதிகாரிக்கும், ஏரிக்கரையின் உடைப்பைப் பார்க்க வேண்டியவருக்கும் இந்தச் சௌகரியம் உண்டு.

இங்கே ஒரு விஷயத்தைத் திட்டமாகச் சொல்லிவிட வேண்டும். கையில் ஏந்துவது என்ற பேச்சு, படம் பிடிக்கும் சிறு ட்ரோனுக்கு மட்டுமே பொருந்தும். அதாவது எடை ஒரு கிலோவை ஒட்டியோ அதற்குக் குறைந்தோ உள்ளவற்றுக்கு. மருந்து தெளிக்கும் ட்ரோன் முற்றிலும் வேறு ஜாதி. பத்து லிட்டர் தொட்டியுடைய யந்திரம் மருந்து நிரம்பிய நிலையில் ஏறக்குறைய 25 கிலோ கனக்கும். அதன் விசிறிகள் முழ நீளத்துக்கும் மேற்பட்டவை. அதைக் கையில் பிடிப்பது இருக்கட்டும், அது ஏறும்போதும் இறங்கும்போதும் அருகே நிற்பதும் கூடாது. மருந்து ட்ரோனுக்கு நிலத்தில் இடம் இல்லையெனில் பாதையோரத்திலோ கதிரடிக்கும் களத்திலோ இடம் தேடி அங்கிருந்து ஏற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

சிறு ட்ரோனைப் பார்ப்பவர்கள் அதை விளையாட்டுச் சாமான் என்று எண்ணுவதற்குக் காரணம் அதன் உருவமேயாகும். விசிறிகள் மெல்லியவை, பிளாஸ்டிக்கால் ஆனவை. ஆனால் ஒன்பதங்குல விசிறி ஒன்று நிமிஷத்துக்கு 6,000 தடவை சுழல்வதாக வைத்துக்கொண்டு கணக்கிட்டால், அதன் நுனி விநாடிக்கு 70 மீட்டருக்கு மேல், அதாவது மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்கிறது. கருக்கரிவாளின் கூர்மை அதற்கு இல்லை. வேகமே அதைக் கத்தியாக்குகிறது. சுழலும்போது கண்ணுக்கு வெறும் மங்கலான வட்டமாகத் தெரிவதால், விரல் அதனருகே சென்றுவிட்டதென்பது அறுபட்ட பிறகே உணரப்படும்.

2015ஆம் வருஷம் மே மாதம் 30ஆம் தேதி மெக்ஸிக்கோ தேசத்து டிஹுவானா நகரில் நடந்த கச்சேரியில், என்ரிக்கே இக்லேசியாஸ் என்ற புகழ்பெற்ற பாடகர், ஜனக்கூட்டத்தைப் படமெடுக்க மேடையருகே பறந்துகொண்டிருந்த ட்ரோனைக் கையால் பிடிக்கப்போய் விரல்கள் அறுபட்டார். அவர் அக்கச்சேரிகளில் அதைப் பிடித்துக் காட்டுவது உண்டு, பழகின கைதான். அன்று தவறிற்று. கட்டுக் கட்டிக்கொண்டு மேலும் பாடினாராயினும் பின்னர் அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. அதே வருஷத்தில் இங்கிலாந்தில், இறங்கிக்கொண்டிருந்த ட்ரோன் ஒன்று மரத்தில் உரசித் திரும்பிப் பாய்ந்ததில், அருகிலிருந்த ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஒரு கண் போயிற்று. முதலாவதில் கை ட்ரோனைத் தேடிச் சென்றது. இரண்டாவதில் ட்ரோன் ஆளைத் தேடி வந்தது. அடிவாரத்து நிலங்களில் இரண்டுக்கும் இடமுண்டு.

கையில் பிடிப்பதிலுள்ள அபாயம் பெரும்பாலும் பிடிக்கும் நொடியில் இல்லை, பிடித்த பிறகு வருகிறது. இதன் காரணத்தை விளங்கிக்கொண்டவர்களுக்கு மற்ற விதிகளெல்லாம் தாமே விளங்கும். ட்ரோனின் வயிற்றுக்குள், அது சாய்ந்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்பதை விநாடிக்குப் பல நூறு தடவை கவனிக்கும் கருவி இருக்கிறது. காற்றடித்து யந்திரம் ஒரு புறம் தாழ்ந்தால், தாழ்ந்த புறத்து மோட்டாரை அக்கருவி விரைவுபடுத்தி நிமிர்த்துகிறது. ஆகாயத்தில் இது நற்குணம். ஆனால் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கையில் மனிதன் அதைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துச் சாய்த்தால், அக்கருவிக்கு மனிதன் என்றும் காற்று என்றும் வித்தியாசம் தெரியாது. சாய்வை நிமிர்த்த மோட்டார் வேகமெடுக்கும். கை மேலும் இறுக்கும். யந்திரம் மேலும் திமிறும். மூக்கணாங்கயிற்றை இழுத்தால் நிற்கும் மாடன்று இது. இழுக்க இழுக்க எதிர்க்கும். அந்தத் திமிறலில் பிடி நழுவி விரல் விசிறிக்குள் போவதும், பதறி முகத்தருகே கொண்டுவருவதுமே காயங்களுக்குக் காரணம். ஆகையால் பிடித்த கை அசையாமலும் யந்திரம் சமமாகவும் இருத்தல் வேண்டும்; மோட்டார் நின்ற பிறகே கையை மடக்கலாம்.

இன்னொரு குணமும் உண்டு. பல ட்ரோன்களின் அடியில் தரையின் தூரத்தை அளக்கும் சென்சார் பொருத்தப்பட்டிருக்கிறது. கீழே நீட்டிய உள்ளங்கையை அது தரையென்றோ தடையென்றோ எண்ணி, இறங்காமல் அந்தரத்தில் நின்றுவிடும். சில யந்திரங்கள் சற்று மேலே எழும்பும். நிற்பவர் பொறுமையிழந்து எட்டிப் பிடிப்பது அப்போதுதான். தம் யந்திரம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை, கையை நீட்டிப் பரீட்சிக்காமல், உற்பத்தியாளர் தரும் கைப்பிரதியைப் படித்து அறிந்துகொள்ள வேண்டும். கையில் பிடிக்கலாகாது என்று அதில் எழுதியிருந்தால் விவாதத்துக்கு இடமில்லை. விசிறிகளைச் சுற்றிக் கூடு பொருத்தி, உள்ளங்கையிலிருந்து எழும்பி உள்ளங்கையிலேயே இறங்குமாறு செய்யப்பட்ட மிகச் சிறு யந்திரங்களும் இப்போது கிடைக்கின்றன. அவற்றைப் பற்றிய தைரியத்தை மற்றவற்றின்மீது ஏற்றிக்கொள்ளலாகாது.

உள்ளபடி பார்த்தால், கையில் ஏந்த வேண்டிய அவசியம் நினைக்கும் அளவுக்கு அடிக்கடி ஏற்படுவதில்லை. கதிரடிக்கும் களம் இருந்தால் அதைவிடச் சிறந்த இடம் வேறில்லை. தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிக்கொண்டால் போதும். வண்டியைச் சமமாக நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைத்து, அதன்மேல் ஒரு பலகையைப் போட்டால் பயிருக்கு மேலாக ஒரு மேடை கிடைக்கிறது. தட்டையான பாறை இருந்தால் அதன்மேல் நனைத்த சாக்கை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்துக்கொள்ளலாம். சாக்கைக் கல் வைக்காமல் விரிப்பது கூடாது. விசிறியின் காற்று அதைக் கிளப்பி யந்திரத்தின்மேலேயே சுற்றிவிடும். இரும்புத் தகட்டையும் தவிர்க்க வேண்டும்; திசையறியும் கருவி அதன்மேல் தடுமாறும். இவற்றில் ஒன்றும் அமையாதபோதே கையில் ஏந்துவதைப் பற்றி யோசிப்பது முறை.

அவ்வாறு ஏந்துவதாயின் இருவர் வேண்டும். ஒருவர் ரிமோட்டை இரு கைகளாலும் பிடித்து இயக்குபவர். மற்றவர் யந்திரத்தை ஏந்துபவர். தனி ஒருவராக ஒரு கையில் ரிமோட்டும் மறு கையில் ட்ரோனுமாக நிற்பவர்கள் உண்டு. கை தேர்ந்தவர்களுக்கும் அது உசிதமன்று. ஏந்துபவர் வயது வந்தவராயும், இயக்குபவரின் பேச்சை மட்டுமன்றித் தம் பேச்சையும் உரக்கச் சொல்லக்கூடியவராயும் இருக்க வேண்டும். பண்ணையில் வேலை செய்யும் சிறுவனைக் கூப்பிட்டு, “இதைக் கொஞ்சம் பிடி” என்பது பெருந்தவறு. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் கைக்குத் தடித்த கையுறையும் தேவை. தோளில் துண்டு, தொங்கும் முந்தானை, அவிழ்ந்த கூந்தல், கழுத்துச் சங்கிலி ஆகியவற்றை முன்னதாகவே ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் முப்பதடிக்கு அப்பால் நிற்கட்டும். வேடிக்கை பார்க்க வரும் குழந்தைகளை இன்னும் தூரத்தில் நிறுத்துவது நலம்.

யந்திரத்தின் அடிவயிற்றிலோ கால்களிலோ பிடிக்க இடம் இருக்கிறதா என்று பாட்டரியைப் பொருத்துமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். சில ட்ரோன்களில் பின்விசிறிகள் முன்விசிறிகளைவிடத் தாழ்ந்திருக்கும். விசிறியைக் கையால் மெல்லச் சுழற்றி, பிடித்த விரல்களுக்கும் அதற்கும் நடுவே குறைந்தது நான்கு விரற்கடை இருக்கிறதா என்று பார்க்கலாம். இல்லையேல் அந்த யந்திரம் ஏந்துவதற்குரியதன்று.

ஏற்றும்போது ஏந்துபவர் காற்று தம் முதுகில் படும்படி நிற்க வேண்டும். அப்போது யந்திரம் நகர்ந்தாலும் அவரைவிட்டு விலகியே நகரும். கையை முழுதும் நீட்டி, தலைக்கு மேலாகச் சற்று முன்புறத்தில், யந்திரத்தின் பின்பக்கம் தம்மை நோக்க, சமமாகப் பிடித்தல் வேண்டும். செயற்கைக்கோள் குறிகள் போதிய அளவு கிடைத்தன என்று ரிமோட் அறிவிக்கும் வரையில் மோட்டாரைத் தொடங்கலாகாது. மோட்டார் தொடங்கியபின் இருவரும் சில விநாடி காத்திருந்து, சப்தம் சீராக இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். பிறகு இயக்குபவர், “ஏற்றுகிறேன்” என்று சொல்லி உயர்த்துவார். யந்திரம் தானாகவே கையைவிட்டு எழும்புவதை உணர்ந்த பின் உள்ளங்கையைத் திறந்துவிட்டால் போதும். புறாவை விடுவதுபோல் மேலே எறியக்கூடாது. எறிந்தால் யந்திரம் சாய்ந்தே புறப்படும்; அதை நிமிர்த்த விசிறிகள் எந்தப் பக்கம் பாயும் என்று யாரும் சொல்ல முடியாது.

எறிந்து ஏற்றுவதற்கென்றே செய்யப்பட்ட ட்ரோன்களும் உள. அவை இறக்கை விரித்த விமான வடிவானவை. பெரும் பரப்பை அளக்கப் பயன்படுவன. அவற்றைக் காற்றுக்கு எதிர்முகமாகவே எறிதல் வேண்டும். பின்புறத்தில் விசிறியுடையவற்றில், கையைவிட்டு நீங்கிய பிறகே மோட்டார் வேகமெடுக்கும்படி அமைத்திருக்கிறதா என்பதை உறுதி செய்துகொள்ளாமல் எறிபவர் தம் கையைத் தாமே பலியிடுகிறார். நான்கு விசிறி யந்திரத்துக்கும் இதற்கும் முறை நேர்மாறானது என்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

இறக்குவது ஏற்றுவதைவிடக் கடினம். ஏற்றும்போது யந்திரம் மனிதனை விட்டுப் போகிறது. இறக்கும்போது மனிதனை நோக்கி வருகிறது. மேலும் அப்போது பாட்டரி குறைந்திருக்கும்; குறைந்த பாட்டரி அவசரத்தை உண்டாக்கும். ஆதலால் பாட்டரியில் முப்பது பங்கு சதவீதம் மீதியிருக்கும்போதே திருப்பி அழைக்க வேண்டும். இயக்குபவர் யந்திரத்தை ஏந்துபவருக்குப் பத்தடி முன்னால், அவர் தலைக்கு இரண்டடி மேலே நிறுத்தி, அது அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பார். காற்று இப்போதும் ஏந்துபவரின் முதுகில் பட வேண்டும். யந்திரத்தின் பின்பக்கம் அவரை நோக்க வேண்டும். பின்பு அங்குலம் அங்குலமாக அருகே கொண்டுவர வேண்டும். ஏந்துபவர் காலைப் பெயர்க்கலாகாது. நீட்டிய கைக்கு யந்திரம் வர வேண்டுமேயன்றி யந்திரத்தைத் தேடிக் கை போகலாகாது. யந்திரம் தள்ளாடினால், “மேலே” என்று உரக்கச் சொல்லிக் குனிந்துவிட வேண்டும். இயக்குபவர் காரணம் கேளாமல் உயர்த்த வேண்டும்.

அடிவயிறு கைக்குள் அமைந்ததும் ஏந்துபவர், “பிடித்தேன்” என்பார். அச்சொல்லைக் கேட்ட பின்பே இயக்குபவர் ஏற்றி இறக்கும் குச்சியை முற்றிலும் கீழே இழுத்து, மோட்டார்கள் நிற்கும்வரை அப்படியே வைத்திருக்க வேண்டும். இந்த இரண்டு மூன்று விநாடிகளே முன்பு கூறிய திமிறல் நேரும் சமயம். கை நீட்டியபடியே, யந்திரம் சமமாகவே இருக்கட்டும். நான்கு விசிறிகளும் நின்றதைக் கண்ணால் கண்ட பின் கையை இறக்கி, வேறெதற்கும் முன்னதாகப் பாட்டரியை நீக்கிவிட வேண்டும். கையில் பிடித்துத் தலைகீழாகத் திருப்பினால் சில யந்திரங்கள் நின்றுவிடும் என்பது உண்மையே. எல்லா யந்திரங்களும் நில்லா. அதை ஆபத்துக்கால உபாயமாகவும் நம்பியிருக்க முடியாது.

இரண்டு தடவை முயன்றும் கைக்கு வராத யந்திரத்தை மூன்றாம் தடவை முயலாமல் பயிரின்மேலேயே இறக்கிவிடுவது புத்திசாலித்தனம். நாலு மரவள்ளிச் செடி ஒடியும், விசிறி ஒன்று முறியும். விசிறி கடையில் கிடைக்கும்.

மலையடிவாரத்துக் காற்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. பகலில் வெயில் ஏற ஏறப் பாறைச் சரிவு சூடேறி, காற்று சரிவைப் பற்றி மேல்நோக்கி எழும்பும். பொழுது சாய்ந்தபின் குளிர்ந்த காற்று கீழ்நோக்கி வழியும். மலைக்கு மறுபுறம் ஒதுங்கிய நிலத்தில் காற்றே இல்லைபோல் தோன்றும். ஆனால் மலையைத் தாண்டி வரும் காற்று அங்கே சுழித்துக்கொண்டு ஒரு நிமிஷம் வடக்கிலிருந்தும் மறு நிமிஷம் மேற்கிலிருந்தும் வீசும். ஓடையில் பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். இத்தகைய சுழற்காற்றில் கையில் ஏந்துதல் கூடவே கூடாது. காலை வேளையே உகந்தது. ஆடிக் காற்று நாட்களில் விட்டுவிடுவதே மேல். ஒரு கோலில் துணித் துண்டைக் கட்டி நட்டு ஐந்து நிமிஷம் பார்த்தால், காற்று ஒரே திசையில் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

ரிமோட்டின் தொடர்பு அறுந்தால் ட்ரோன் தானே புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும்படி அமைக்கப்பட்டுள்ளது. சமவெளியில் இது பெரிய சௌகரியம். தீர்த்தமலை போன்ற இடத்தில் இதற்கு இரண்டு குறைகள் உண்டு. குறித்த உயரத்தில் நேர்கோட்டில் திரும்பும் யந்திரம், நடுவே மலைத்தோளோ தென்னையோ இருந்தால் மோதிக்கொள்ளும்; ஆகையால் மலைக்குப் பின்புறம் போகவிடாமல் எப்போதும் கண்ணுக்கு நேரே வைத்திருக்க வேண்டும். கையினின்று ஏற்றிய யந்திரமோ, திரும்பி வந்து ஏந்தியவர் நின்ற இடத்தின்மேலேயே இறங்கப் பார்க்கும். அது அவருடைய கைக்காகக் காத்திராது. தானே திரும்பி வரும் யந்திரத்தைக் கண்டால் ஏந்துபவர் அவ்விடத்தைவிட்டு அகன்றுவிட வேண்டும். தொடர்பு மீண்டால் இயக்குபவர் தானியங்கி இறக்கத்தை ரத்து செய்து தம் வசப்படுத்திக்கொள்ளலாம்.

கிராம அதிகாரிகள் அறிய வேண்டிய சட்ட விஷயங்கள் சில. 2021ஆம் வருஷத்து ட்ரோன் விதிகளின்படி யந்திரத்துக்குப் பதிவு எண் இருத்தல் வேண்டும். எடை 250 கிராம் வரை உள்ளவை நானோ என்றும், அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ என்றும், 2 முதல் 25 கிலோ வரை சிறு வகை என்றும் பிரிக்கப்பட்டுள்ளன. நானோ வகைக்கும், வியாபார நோக்கமின்றி இயக்கப்படும் மைக்ரோ வகைக்கும் இயக்குபவர் சான்றிதழ் வேண்டுவதில்லை. கூலிக்குப் படமெடுப்பவருக்கும் மருந்து தெளிப்பவருக்கும் அது வேண்டும். சான்றிதழ் பெறுபவர் 18 முதல் 65 வயதுக்குட்பட்டவராயும் பத்தாம் வகுப்புத் தேறியவராயும் இருத்தல் வேண்டும். பச்சை மண்டலம் எனக் குறிக்கப்பட்ட இடங்களில் 400 அடி உயரம் வரை பறக்கலாம். இடம் எந்த மண்டலத்தைச் சேர்ந்தது என்பதை ‘டிஜிட்டல் ஸ்கை’ என்னும் சர்க்கார் இணையதளத்தின் படத்தில் பறப்பதற்கு முன் பார்த்துக்கொள்ள வேண்டும். விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் அத்தளத்தின் வாயிலாகவே தெரிவிக்கக் கடமையுண்டு. காட்டிலாகாவின் நிலத்தை ஒட்டிப் பறக்கவிடுவோர் அவ்விலாகாவினரை முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது வீண் வழக்கைத் தவிர்க்கும். மலைமேல் தீர்த்தகிரீசுவரர் கோயிலுக்கு யாத்திரிகர் திரளும் நாட்களில் அடிவாரத்தில் ட்ரோனை எடுக்காமலிருப்பதே சரி. ஜனங்களின் தலைக்கு மேலே பழுதுபட்ட யந்திரத்துக்கு இறங்குமிடம் கிடையாது.

விசிறியால் கை அறுபட்டால், முதலில் மற்றவர் மோட்டாரை நிறுத்த வேண்டும். காயத்தின்மேல் சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்திப் பிடித்து, கையை மார்புக்கு மேலே உயர்த்தி வைக்க வேண்டும். மஞ்சள் தூளோ, காப்பிப் பொடியோ, சுண்ணாம்போ அப்பலாகாது. வைத்தியர் காயத்தைப் பார்க்க அது தடையாகும். விரல் மரத்துப்போனாலும் மடக்க முடியாவிட்டாலும், வெளிக்காயம் சிறிதாயிருந்தாலும், உள்ளே நரம்போ தசைநாணோ அறுந்திருக்கக்கூடும். அரூர் அரசினர் மருத்துவமனைக்கு அன்றே கொண்டுபோக வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் கழுவவோ தேய்க்கவோ செய்யாமல், கண்ணின்மேல் அழுத்தாதவாறு ஒரு சிறு கிண்ணத்தைக் கவிழ்த்து லேசாகக் கட்டி அனுப்ப வேண்டும். கீழே விழுந்த யந்திரத்தின் பாட்டரி உப்பியிருந்தால் அதை வீட்டுக்குள் கொண்டுவராமல், வைக்கோற்போர் இல்லாத வெளியிடத்தில், மணல் நிரப்பிய வாளியில் வைத்துவிட வேண்டும்.